அடைப்புக்குறிக்குள் ஓர் ஒன்று

1994 ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில், எட்டாம் வகுப்பு மாணவராயிருந்த நாம், கணக்குத் தேர்வுத் தாளை மறைத்துக்கொண்டு தாராபுரத்து வீட்டினுள் நுழைந்தோம். 18அ + 24ஆ + 6 என்னும் கோவையைக் காரணிப்படுத்துமாறு கேட்டிருந்தனர். நாம் எழுதிய விடை 6(3அ + 4ஆ). ஆறை ஆறால் வகுத்தபின் எஞ்சுவதற்கு ஏதுமில்லை என்பது அன்றைய நம் துணிபு. ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்திருந்தார்.

தாள் அத்தாவின் கண்ணில் பட்டுவிட்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சிறுகடைக்காரர் அவர். அன்றிரவு ஜக்காத்துக்கென வாங்கிய பொருள்கள் கூடத்தில் கிடந்தன. 18 படி அரிசி, 24 தேங்காய், 6 சேலை.

"இரண்டு வீட்டுக்கும் சரியாகப் பிரிக்கலாம், மூன்று வீட்டுக்கும் பிரிக்கலாம். குறையாமல் எத்தனை வீட்டுக்குப் போகும், சொல்லு!"

"ஆறு, அத்தா."

"வீட்டுக்கு என்ன?"

"மூணு படி அரிசி, நாலு தேங்காய்" என்று நிறுத்தினோம்.

"சேலை எங்கடா? ஒண்ணு இருக்கே! நீ எழுதினபடி கொடுத்தால் ஆறு வீட்டிலும் பெருநாளுக்குப் பழந்துணிதான்."

6(3அ + 4ஆ + 1). அடைப்புக்குறியை விரித்துப் பெருக்கினால் பழைய கோவை திரும்ப வரவேண்டும். நாம் எழுதியதை விரித்தால் 18அ + 24ஆ மட்டுமே வரும். ஆறு காணாமற் போயிருக்கும். பொதுக் காரணிகளுள் பெரியதைத் தேடுவது ஏன் என்பதும் அன்றுதான் விளங்கிற்று. மீப்பெரு என்பதிலுள்ள 'மீ' மேல் என்று பொருள்படும் பழந்தமிழ்ச் சொல் என்பதைத் தமிழாசிரியரான பின்னரே அறிந்தோம்.

மாணாக்கச் செல்வங்கள் இன்னொன்றும் அறிதல் நன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள 'அல் ஜப்ர்' என்னும் சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. அந்நூலில் எழுத்துக் குறியீடுகள் இல்லை. அறியா எண்ணை 'ஷய்', அதாவது பொருள், என்று சொல்லாலேயே குறித்தார். நூலில் ஒரு பெரும்பகுதி மரபுரிமைச் சொத்தைப் பங்கிடும் கணக்கு. அத்தா அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

அன்றிரவு நாம்தான் கட்டினோம், ஆறு மூட்டைகள். மறுநாள் ஏழாவதாக ஒரு வீடு தெரியவந்தது. ஏழுக்கு அக்கணக்கு ஒத்துவரவில்லை. மூட்டைகளைப் பிரிக்காமல், அத்தா கடையிலிருந்து தனியே ஒன்று கட்டிக் கொடுத்தனுப்பினார்.