சத்திரத்துப் பந்தி



அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரங்களே உள்ளன. ஆராதனைக்குப் பின் நடைபெறும் ஐக்கிய விருந்தைக் குறித்து உங்களில் சிலர் என்னிடம் பேசியிருக்கிறீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்லுமுன், வழிப்போக்கர் உண்ணும் இடங்களைப் பற்றிச் சற்றுப் பேச விரும்புகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை அடுத்த அருண்டேல் தெருவில் உள்ள ராயர் மெஸ்ஸை அறியாதவர் நம்மில் குறைவு. சிறிய கூடம். காலையில் இடம் கிடைக்கும்வரை தெருவில் காத்து நிற்கவேண்டும். உள்ளே அழைக்கப்பட்டதும் எங்கே இலை காலியோ அங்கே அமரவேண்டும். இட்லியும் பொங்கலும் கெட்டிச் சட்னியும் ஊரறிந்தவை. அவற்றின் சுவையை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் கூடத்தின் ஒழுங்கைக் கவனித்திருக்கிறீர்களா? நமக்கு அருகே அமர்பவரை நாம் தெரிந்தெடுப்பதில்லை.

மாட வீதிகளை ஒட்டி இன்னொரு சிறிய மெஸ் உண்டு. மருத்துவமனைச் சந்திப்புகள் பிற்பகல்வரை நீளும் நாள்களில் அங்கே நான் மதிய உணவு உண்பது வழக்கம். ஒருநாள் என் இலைக்கு அடுத்த இலையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். மனைவியை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, ஊரிலிருந்து வரவேண்டிய ஏதோ ஒரு காகிதத்துக்காக அலைந்துகொண்டிருந்தார். மூன்று நாள்களாக டீயும் பன்னும்தான் ஆகாரம் என்றார். சோற்றில் கை வைத்தவர் அப்படியே இருந்துவிட்டார். எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கானவர்கள் நின்றுகொண்டிருந்தனர். அந்த நிற்றல் எத்தகைய நெருக்குதல் என்பது உங்களுக்குத் தெரியும். பரிமாறுகிறவர் வந்தார். நிற்பவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, "அவசரமே இல்லை பெரியவரே, மெதுவாச் சாப்பிடுங்க. ரசம் சூடா வருது" என்றார். பின்னால் நின்றவர்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர் உண்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

பிரான்சு நாட்டின் கிராமப்புறச் சத்திரங்களில் முன்னாளில் 'தாபிள் தோத்' என்றொரு வழக்கம் இருந்தது. 'விருந்தளிப்பவரின் மேசை' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். குறித்த வேளையில் பயணிகள் அனைவரும் சத்திரக்காரரின் ஒரே மேசையில் அமர்வார்கள். அன்று சமைத்தது எதுவோ அதையே உண்பார்கள். தனித்தனி மேசையும், பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்டு உண்ணும் முறையும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசு நகரத்து உணவகங்களில் பரவியவை. இன்று தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நாம் குடும்பத்தோடு செல்லும் உணவகங்கள் பாரிசின் வழிவந்தவை. நம் மெஸ்ஸோ அந்தப் பழைய மேசையின் உறவினர்.

ஆனால் நம் நாட்டுச் சத்திரத்துக்கு வெளிநாட்டு உறவைத் தேடிப் போகவேண்டியதில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்தவர். சென்னையில் கெரிக்கே ஐயரிடமும் பயின்றவர். இறுதிவரை தம் முன்னோரின் சமயத்திலேயே நிலைத்திருந்தவர். ஆட்சியதிகாரம் கும்பினியாரிடம் போய்க்கொண்டிருந்த நாளில், 1801ஆம் ஆண்டு, அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இராமேசுவரம் செல்லும் வழியில் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைத் தம்மிடமிருந்து எடுத்துவிடவேண்டாம் என்பதே அதன் வேண்டுகோள். அச்சத்திரங்களில் நடப்பவற்றை அவர் அதில் விவரிக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் எல்லாவகை யாத்திரிகருக்கும் சோறு, சமைத்த சோற்றை ஏற்காதவருக்கு அரிசியும் பலசரக்கும், குழந்தைகளுக்குப் பால், நோயுற்றவருக்கு வைத்தியர். இவற்றையெல்லாம்விட என் மனத்தைத் தொட்டது வேறொன்று. நள்ளிரவில் மணி ஒன்று அடிக்கப்படும். இதுவரை உண்ணாதவர் யாவரும் வந்து, தங்களுக்கென்று ஆக்கி வைத்திருக்கும் சோற்றைப் பெற்றுக்கொள்ளலாம் என்று உரக்க அறிவிக்கப்படும்.

'தங்களுக்கென்று ஆக்கி வைத்திருக்கும் சோறு.' மீந்து போன சோறு அன்று. நள்ளிரவில் வருகிறவனையும் கணக்கில் வைத்து உலையேற்றிய சோறு. பிந்தி வந்தவனுக்கு அவமானம் நேராதபடி அடிக்கப்பட்ட மணி அது.

சத்திரத்தைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. எல்லாருக்கும் சோறு என்பது ஒன்று. எல்லாரும் ஒரே பந்தியில் என்பது வேறு. பல சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி இருந்தது. நம்மில் பலருக்குப் பூர்வீகமான நெல்லைச் சீமையில், சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதற்காக 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகமே கொந்தளித்தது. 'அது அவர்கள் கதை' என்று நாம் நகர்ந்துவிட முடியுமா? 1833ஆம் ஆண்டு பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை இருத்தலாகாது என்று எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினர். 1847இல் மதுரை அமெரிக்க மிஷன் தன் ஊழியர்களுக்கு, எல்லாரோடும் சேர்ந்து உண்பதையே சோதனையாக வைத்தது. சாதியை விடுவதைவிட ஊழியத்தை விடுவது எளிது என்று கருதிப் போனவர்கள் இருந்தனர். விசுவாசப் பிரமாணத்தை ஒரு பிழையின்றிச் சொல்லக்கூடியவர்கள்தாம் அவர்கள். இலையின் முன்னே அமரத்தான் முடியவில்லை.

லூக்கா சுவிசேஷத்தில் நம் தமிழ் வேதாகமம் இரண்டு இடங்களில் 'சத்திரம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. மூலமொழியில் அவை வெவ்வேறு சொற்கள். ஆண்டவர் பிறந்த இரவில் இடமில்லாமற்போன சத்திரத்தைக் குறிப்பது 'கத்தாலுமா'. தங்கும் அறை என்பது அதன் பொருள். பஸ்கா விருந்துக்கு ஆண்டவர் கேட்டனுப்பிய அறைக்கும் லூக்கா அதே சொல்லை எழுதுகிறார். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோன சத்திரமோ 'பாந்தொகெயோன்'. அச்சொல்லைப் பிரித்தால் 'எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடம்' என்றாகும்.

அந்தச் சத்திரக்காரனை நாம் அதிகம் நினைப்பதில்லை. பிரசங்கங்கள் யாவும் சமாரியனோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் சமாரியன் மறுநாளே பயணப்பட்டுப் போய்விட்டான். இரவும் பகலும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன் யார்? கையில் இருந்தது இரண்டு பணம். மேற்கொண்டு ஆகும் செலவுக்கு ஒரு அந்நியனின் வாய்வார்த்தை மட்டுமே உத்தரவாதம். படுத்திருப்பவன் யார், எந்த ஊரான் என்பதும் தெரியாது. சத்திரத்தில் தங்கியிருந்த மற்றவர்கள் முகம் சுளித்திருக்கவும் கூடும். அவன் வேண்டாம் என்று சொன்னதாக வேதத்தில் இல்லை.

இனி, நம் விருந்துக்கு வருகிறேன். இரண்டு யோசனைகள் வந்துள்ளன. கூடம் சிறியது, பந்தி போட்டால் மூன்று மணி ஆகிவிடும், ஆகையால் பிரியாணிப் பொட்டலங்களைக் கையில் கொடுத்தனுப்பிவிடலாம் என்பது ஒன்று. நன்கொடையாளருக்கும் வெளியிலிருந்து வரும் விருந்தினருக்கும் குளிரூட்டப்பட்ட சிற்றறையில் தனியாகப் பரிமாறலாம் என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டவை என்பதை அறிவேன். முதியோர் வெயிலில் காத்திருக்கக்கூடாது என்ற கவலையும் நியாயமானதே.

எனினும் சென்ற ஆண்டு விருந்தை நினைத்துப் பாருங்கள். கடைசிப் பந்தியில் அமர்ந்தவர்கள் யார்? உங்கள் கார்களை ஓட்டிவந்தவர்கள், ஆலயப் பணியாளர்கள், காலைமுதல் பாத்திரம் தேய்த்த பெண்கள், வாசற்காவலர். அவர்கள் அமர்ந்தபோது கறி தீர்ந்திருந்தது. குழம்பும் அப்பளமும் இருந்தன. கேசரிப் பாத்திரத்தை ஒரு சகோதரி சுரண்டிப் பார்த்துவிட்டு, தலையசைத்தபடி திரும்பினார். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள்போல் உண்டு எழுந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு நான் அங்கே நின்றேன்.

ஆகையால் கமிட்டியாரோடு கலந்து பின்வருமாறு தீர்மானித்திருக்கிறோம். பந்தி உண்டு, பொட்டலம் நடமாட இயலாதவர்களின் வீடுகளுக்கு மட்டும். சிற்றறை முதியோருக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாருக்கும். நன்கொடையாளரும் விருந்தினரும் கூடத்திலேயே, எந்த இலை காலியோ அந்த இலையில். ஓட்டுநர்களும் பணியாளர்களும் முதற்பந்தியிலேயே அமரவேண்டும். பரிமாறும் பொறுப்பை வாலிபர் சங்கத்தார் ஏற்றிருக்கிறார்கள். கடைசிப் பந்திக்கான கறியும் இனிப்பும் தொடக்கத்திலேயே தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வைக்கப்படும். நானும் என் மனைவியும் அந்தப் பந்தியில் உண்போம். எங்களோடு அமர விரும்புகிறவர்கள் அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் செயலரிடம் பெயர் கொடுங்கள். எத்தனை படி அரிசி கூடுதலாகப் போடவேண்டும் என்பதைச் சமையற்காரரிடம் அன்றே சொல்லவேண்டியிருக்கிறது.