தோட்டாவின் வயசு

செஞ்சியில் மலை மூன்று என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நாலாவதாக ஒரு குன்று உண்டு, சக்கிலிதுர்க்கம். முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையைச் சுத்திக் கிடந்ததே, அந்தக் காலத்து வடக்கத்தியான் அதை 'சமார் டிக்ரி' என்றான். செருப்பு தைக்கிறவன் மேடு என்று அர்த்தம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் செஞ்சி ஒன்றுதான். தேசிங்கு ராஜன் பேர் எல்லாருக்கும் தெரியும். பீரங்கிக் குண்டைத் தலையில் சுமந்து ராஜகிரி உச்சிக்கு ஏத்தினவன் பேரை நான் எந்தக் கூத்திலும் கேட்டதில்லை.

ஆயுதம் என்றாலே எங்களுக்குச் சுமக்கிற வேலைதான். சுடுகிற வேலை யாருக்கு, சுட்டதை அளக்கிற வேலை யாருக்கு என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எண்பதுகளில் நான் கல்லூரி என்.சி.சி.யில் இருந்தேன். சேரிப் பையன்கள் நிறையப் பேர் அதில் சேர்வோம். தேசபக்தி எல்லாம் அப்புறம். பரேடு முடிஞ்சா டிபன், போட்டுக்க பூட்ஸ், போலீஸ் வேலைக்குப் போனா ஒரு சர்டிபிகேட். சாதாரண நாளில் பாயின்ட் டூ டூ ரைபிள்தான், 25 கஜத்தில் அஞ்சு ரவுண்டு. பெரிய கேம்ப்பில் மட்டும் திரி நாட் திரி கொடுப்பார்கள். கனமான துப்பாக்கி. தோளில் உதைக்கிற உதையில் ரெண்டு நாளைக்குக் கை தூக்க முடியாது. ஆனாலும் அதைத் தொட்ட அன்று ராத்திரி தூக்கம் வராது.

திரி நாட் திரி தோட்டாவின் அடிப்பாகத்தைப் பார்த்தால் அதன் ஜாதகமே இருக்கும். கே.எஃப். என்றால் புனே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலை. பக்கத்திலேயே வருஷமும் குத்தியிருக்கும். குண்டின் எடை 174 கிரெய்ன், நம்ம கணக்கில் சுமார் 11 கிராம். குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 2440 அடி வேகம். 1910-ல் ஏழாம் மார்க் என்று வந்த அளவு அது. உள்ளே இருக்கிற கார்டைட் மருந்துக்குத் தொழிற்சாலை நம்ம நீலகிரி அருவங்காட்டிலேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்துவிட்டது.

பட்டாளம் 7.62-க்கு மாறினபிறகு மிஞ்சின பழைய சரக்கு போலீசுக்கும் என்.சி.சி.க்கும் வந்து சேர்ந்தது. வருஷக்கணக்கில் வெயிலில் வெந்த குடோனில் கிடந்த தோட்டா. கேப் பழசாகிப் போனால் ட்ரிகரை இழுத்ததும் வெடிக்காது. 'க்ளிக்' என்கும், ஒரு மூச்சு விட்டு 'டப்' என்கும். அதற்குள் கை அசைந்திருக்கும். மருந்து கெட்டிருந்தால் வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும், அடி மேலும் கீழுமாய்ச் சிதறும். குறி பார்த்தவன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் இதுதான் கதி.

ஒரு கேம்ப்பில் ரெண்டு பெட்டி வந்தது. ஒன்றில் ஐம்பதுகளில் செய்த தோட்டா, மற்றதில் அதைவிட ரொம்பப் புதுசு. பழைய பெட்டி எங்க ஸ்குவாடுக்கு. எங்க ஸ்குவாடு என்றால் அரிஜன் ஹாஸ்டல் பையன்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளை, மணியக்காரர் வீட்டுப் பிள்ளை நின்ற ஸ்குவாடுக்குப் புதுப் பெட்டி. யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை. அது பாட்டுக்கு அப்படி அமையும். நூறு கஜத்தில் அவர்களுடைய அஞ்சு ஓட்டையும் நாலு விரற்கடைக்குள் விழுந்தது. எங்களுடையது ஒரு சாண், ஒண்ணரைச் சாண். மார்க் போட்ட அதிகாரி சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "பறை அடிக்கிற கைக்கு ட்ரிகர் எங்கடா ஒத்து வரும்?"

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹவில்தார் வடக்கத்தியார். நம்ம ஜாதி வேறுபாடு அவருக்குப் பிடிபட்டதோ என்னவோ, தோட்டா வேறுபாடு பிடிபட்டது. சாயங்காலம் எல்லாரும் போனபிறகு என்னைப் படுக்கச் சொன்னார். அதே துப்பாக்கி, அதே தூரம், அதே மணல் மூட்டை, அதே ஆள். பழைய பெட்டியில் அஞ்சு, புதுப் பெட்டியில் அஞ்சு. பழையதில் ஒரு சாண் வந்தது. புதியதில் நாலு விரற்கடை வந்தது. டார்கெட் பேப்பரைக் கிழித்து என் கையில் கொடுத்து அரைகுறைத் தமிழில் சொன்னார்: "ஓட்டை சிதறி விழுந்தா தோட்டாவைப் பாரு. எல்லா ஓட்டையும் சேர்ந்து ஒரே பக்கம் விழுந்தா சைட்டைப் பாரு." டீமில் எங்க ஆள் யாரையும் எடுக்கவில்லை. மார்க் ஷீட்டில் தோட்டாவின் வருஷத்தை எழுத ஒரு கட்டம் கிடையாதே.

பிற்பாடு 1990-ல் மண்டல் வந்து, தகுதி தகுதி என்று ஊரெல்லாம் கத்தினபோது எனக்கு அந்தப் பேப்பர்தான் ஞாபகம் வந்தது. மார்க்கைக் காட்டுகிறவன் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுட்டான் என்பதைக் காட்டுவதில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பட்டாளம் கழித்துப்போட்ட தோட்டாவை மலிவாக வாங்கிக் குறி சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிரீஸ் நாட்டுச் சரக்கு ஒழுங்காகப் போகும், பாகிஸ்தான் சரக்கு தாமதமாக வெடிக்கும் என்று வகை பிரித்துச் சொல்வார்கள். பொழுதுபோக்குக்குச் சுடுகிறவனுக்கு இருக்கிற இந்த நியாயம்கூட நம்ம பரிட்சைகளுக்கு இல்லை.

துப்பாக்கி நம்ம கைக்குப் புதுசா என்ன? எங்க பெரியப்பா பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். 1780-ல் தொடங்கின படை. பறையர்கள் ஏராளமாக இருந்த படை. 'தம்பி' என்றுதான் அதன் சிப்பாய்க்குச் செல்லப் பெயர். பாலம் கட்டினான், சுரங்கம் வெட்டினான், சண்டையும் போட்டான். 1880-களில் ராபர்ட்ஸ் என்கிற வெள்ளைக்காரத் தளபதி, தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை, 'வீர ஜாதி' வடக்கேதான் இருக்கிறது என்று தத்துவம் பேசினான். 1890-களில் மகர்களுக்குப் பட்டாளக் கதவை அடைத்தார்கள். பீமாராவ் பிறந்ததே மாவ் என்கிற பட்டாள ஊரில். அப்பா ராம்ஜி சுபேதார், பட்டாளப் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் கதவு அடைபட்டது என்றால் எத்தனை பிள்ளைகளுடைய பள்ளிக்கூடம் அடைபட்டது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் 1941-ல் மகர் ரெஜிமெண்ட், 1943-ல் சமார் ரெஜிமெண்ட். போர் முடிஞ்சதும் 1946-ல் சமார் ரெஜிமெண்டைக் கலைத்தார்கள். வேலைக்குக் கூப்பிடு, முடிஞ்சா தொரத்து. பண்ணையார் களத்தில் நடப்பது பட்டாளத்திலும் நடந்தது.

எதிரே நிற்கிறவன் யார் என்பதைப் பொறுத்துத் தோட்டாவே மாறும். கல்கத்தா பக்கம் டம் டம்மில் 1890-களின் கடைசியில் ஒரு குண்டு செய்தார்கள். உடம்புக்குள் போனதும் பூ மாதிரி விரியும். 1899-ல் ஹேக் மாநாட்டில் அதைத் தடை செய்யப் பேசினபோது பிரிட்டிஷ் பிரதிநிதி எழுந்து ஆட்சேபித்தார். நாகரிகமான சிப்பாய் ஒரு குண்டு பட்டால் ஒதுங்கிவிடுவான், காட்டுமிராண்டி பட்டாலும் ஓடி வருவான், அவனுக்கு இதுதான் சரி என்பது அவர் வாதம். செத்தவன் வலியை வைத்து யாரும் குண்டை அளக்கவில்லை. செத்தவன் தரத்தை வைத்து அளந்தார்கள்.

இனி ஹவில்தார் சொன்ன ரெண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் வானத்தைப் பார்த்துச் சுட்டோம், தவறிப் பட்டது என்கிறார்கள். 1987 செப்டம்பரில் எங்க பழைய தென்னார்க்காட்டிலும் மற்ற இடங்களிலும் சாலை மறியலில் சுடப்பட்டுச் செத்தவர்கள் வன்னியர்கள். கூலி வேலைக்கும் சொந்தக் கழனிக்கும் போகிற ஏழை ஜனம். அதே போராட்டத்தில் சேரிக் குடிசைகளும் எரிந்தன. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது எனக்கு உடன்பாடில்லை. 2011 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில், இமானுவேல் சேகரன் நினைவு நாளில், தலித்துகளைச் சுட்டார்கள். அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்தான். விசாரணைக் கமிஷன், சுட்டது சரி என்றது. 2018 மே 22-ல் தூத்துக்குடி. அதை விசாரித்த கமிஷனோ, ஓடுகிற ஜனத்தை மறைவில் நின்று, தூரத்திலிருந்து சுட்டதாகச் சொன்னது.

ஊர் வேறு, வருஷம் வேறு, ஆட்சி வேறு, துப்பாக்கியும் வேறு. ஓட்டை எல்லாம் ஒரே பக்கத்தில்தான் விழுகிறது. தோட்டா தவறினால் ஒரு தரமாவது பங்களாப் பக்கம் தவறி விழுந்திருக்க வேண்டாமா?

போராளித் தோழர்களுக்கு ரெண்டு விஷயம் சொல்ல வேண்டும். திரி நாட் திரி தனியார் கையில் இருக்கக்கூடாத அளவு. அதனால்தான் லைசன்சுக்கு .315 என்று வேறு அளவில் செய்து விற்றார்கள். அந்த லைசன்ஸ் கிராமத்தில் யார் வீட்டுச் சுவரில் தொங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, மூன்றாவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியில் தலித், பழங்குடி அல்லாதார் லைசன்சை ரத்து செய்யலாம், சட்டவிரோதத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்யலாம், தேவைப்பட்டால் தலித், பழங்குடியினருக்கு லைசன்ஸ் கொடுக்கலாம் என்று இருக்கிறது. துப்பாக்கி வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றிக் கலெக்டரிடம் கேட்க நமக்கு ஒரு விதி இருக்கிறது, அதைக் கேளுங்கள் என்கிறேன்.

ரெண்டாவது, ரேஞ்சில் நான் பார்த்த கணக்கு. எத்தனை ரவுண்டு கொடுத்தது, எத்தனை சுட்டது, எத்தனை காலிக் கேஸ் திரும்பி வந்தது என்று நோட்டில் எழுதுவார்கள். ஒரு காலிக் கேஸ் குறைந்தாலும் எங்களை வெயிலில் புல்லைத் தடவித் தேட வைப்பார்கள். பெட்டிக்கு லாட் நம்பர் உண்டு. அந்த நோட்டு எல்லாக் காவல் நிலையத்திலும் இருந்தாக வேண்டும். அடுத்த கமிஷன் உட்காரும்போது, நம்ம வக்கீல் முதலில் கேட்க வேண்டியது அந்த நோட்டைத்தான். எந்தப் பெட்டி, யார் கையில் கொடுத்தது, எத்தனை கேஸ் திரும்பியது, எத்தனை பிணம் விழுந்தது. நாலு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.