தெருமுனையில் நின்ற அச்சம்

தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு இருளைக் கண்டு அஞ்சும் வழக்கம் இல்லை. கணக்கு முடிக்கும் நாட்களில், இரவு ஒன்பது மணிக்கு மேல், செம்பனை மரங்களினூடே கைவிளக்கு ஒன்றையே துணையாகக் கொண்டு வீடு திரும்புவோம். பாம்புக்கும் பன்றிக்கும் வழிவிட்டு நடப்பதன்றி வேறு கவலை தோன்றுவதில்லை. ஆனால், மாதம் ஒருமுறை கோலாலம்பூருக்குச் செல்லுங்கால், பகல்போல் விளக்கெரியும் வீதியிலே நமது கை தானாகவே சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறது. இருளிலே அமைதியும் ஒளியிலே அச்சமும் உண்டாவது விந்தையன்றோ? அதன் காரணத்தை ஆராயப் புகுந்தபோது நம்மைப் பற்றிய ஓர் உண்மை வெளிப்பட்டது. அது நமக்குப் பெருமை தருவதன்று. எனினும் சொல்லுதல் கடமையாகும்.

முதலில் லெபோ அம்பாங் வீதியைக் கூறுவோம். செட்டிமார்களின் வட்டிக்கடைகளால் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த வீதி அது. பழைய கடைவீடுகளின் முன்னே, நம்மவர் ஐந்தடி என்று வழங்கும் கூரையிட்ட நடைபாதை உண்டு. 1822-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகருக்கு ராபிள்ஸ் வகுத்த திட்டத்தில் இடம்பெற்ற இவ்வமைப்பு, பின்னர் மலாயா நகரங்களிலும் பரவியது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குவதற்காக ஏற்பட்ட ஐந்தடி, மக்களின் பாதுகாப்புக்கும் உதவிற்று. கடைக்காரர் வாசலை நோக்கி அமர்ந்திருப்பார். பூக்கட்டும் அம்மையார் வருவோர் போவோரைக் கவனித்துக்கொண்டே சரம் தொடுப்பார். அங்கே ஒருவர் கால் இடறினாலும் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பர்.

ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், 1961-இல் வெளிவந்த தம் நூலில், ஒரு தெருவின் அமைதியைக் காப்பவர் முதன்மையாகக் காவலர் அல்லர், அத்தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொதுமக்களே என்று விளக்கினார். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாம் அதனைப் படித்து வியந்தோம். பிறகு வெட்கினோம். லயத்து வாசற்படியில் அமர்ந்து வெற்றிலை இடித்த நம் பாட்டிமார் அவ்வேலையைத்தானே செய்து வந்தனர்!

லெபோ அம்பாங்கிலிருந்து சிறிது தூரத்தில் மஸ்ஜித் இந்தியா சாலை இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்கத் தோட்டத்து மக்கள் நாடும் இடம் அது. அச்சம் என்பதை மறந்து நாம் நின்ற இடமும் அதுவே. அங்கேதான் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் நடைபாதை திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர், ஏறத்தாழ எட்டு மீட்டர் ஆழமுள்ள அக்குழியில் வீழ்ந்து மறைந்தார். ஒன்பது நாட்கள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அச்சம் தோன்றாமை வேறு, ஆபத்து இல்லாமை வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

அங்ஙனமாயின், அச்சம் தோன்றும் இடத்தில் ஆபத்து இருந்தே தீருமோ? இவ்வினாவுக்கு விடை பிரிக்பீல்ட்ஸில் கிடைத்தது.

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அப்பகுதியில், 2001-இல் மத்திய ரயில் நிலையம் எழுந்தது. சுற்றிலும் விண்முட்டும் கட்டடங்கள் தோன்றின. 2010-இல் வண்ண வளைவுகளோடு அது லிட்டில் இந்தியா ஆயிற்று. கடைகள் உள்ள பக்கம் கலகலப்பாக இருக்கும். கதவே இல்லாத நெடுஞ்சுவர்கள் உள்ள பக்கமோ, விளக்கு இருந்தும் பார்ப்பார் இன்றிக் கிடக்கும்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை அங்கே ஒரு முனையை அடைந்தோம். தமிழ் இளைஞர் ஐவர் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்து நின்றிருந்தனர். கையில் பச்சை குத்தியிருந்தனர், உரக்கச் சிரித்தனர். நாம் பணப்பையைப் பின்பையிலிருந்து முன்பைக்கு மாற்றிக்கொண்டு, சாலையைக் கடந்து எதிர்ப்புறம் சென்றோம்.

பார்வையற்றோர் சங்கம் அவ்வட்டாரத்தில் இருப்பதால், வெள்ளைக்கோலுடன் நடப்போர் அங்குப் பலர். அத்தகைய பெரியவர் ஒருவர், மஞ்சள் கற்கள் பதித்த தடத்தைக் கோலால் தட்டியவாறு அந்த முனைக்கு வந்தார். தடத்தின்மேல் ஒரு சைக்கிள் நின்றது. ஐவரில் ஒருவர் ஓடி அதை நகர்த்தினார். மற்றொருவர், “வாங்க ஐயா” என்று கைபிடித்துச் சாலையைக் கடத்திவிட்டார்.

“என்ன தம்பி, இன்றைக்கு வேலை இல்லையா?” என்று பெரியவர் கேட்டார். குரலைக் கேட்டே ஆளை அறிந்திருக்கிறார்! கண் இல்லாதவர் கண்டதைக் கண் உடைய நாம் காணவில்லை.

அன்றிரவே, பேருந்துக்காக வேறொரு முனையில் நின்றோம். எதிரே வந்த அம்மையார் ஒருவர் நம் கறுத்த முகத்தை நோக்கினார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையின் மறுபுறம் சென்றார். நாம் மாலையில் ஐவருக்குக் கொடுத்ததை அவர் இரவில் நமக்குக் கொடுத்தார். சட்டைப்பையில் பேனா இருந்ததோ, ஆங்கிலம் அறிந்திருந்தோமோ, எதுவும் நமக்கு உதவவில்லை.

எல்லா அச்சமும் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. பைபறிப்போர் உண்டு, அவர்களால் உயிர் இழந்த பெண்களும் உண்டு. தனித்து நடக்கும் பெண் எச்சரிக்கையாக இருப்பதை எவரும் நகைத்தல் ஆகாது. ஆனால், எச்சரிக்கை என்பது நடத்தையைப் பார்ப்பது. இகழ்ச்சி என்பது நிறத்தையும் உடையையும் பார்ப்பது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீட்டுமனைகளான காலத்தில், லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளில் ஒதுங்கிய குடும்பங்கள் எத்தனை! அவற்றின் பிள்ளைகளுக்கு வாசற்படி இல்லை, திடல் இல்லை. ஆதலின் தெருமுனையில் நிற்கின்றனர். நம்மவரே அவர்களைக் கண்டு விலகினால் வேறு யார் அணுகுவர்?

அடுத்த மாதம் அதே முனைக்குச் சென்றோம். ஐவரில் இருவர் இருந்தனர். அருகிலிருந்த கடையில் தேநீர் வாங்கித் தந்து பேசினோம். ஒருவரின் பாட்டனார் நமது தோட்டத்திலேயே பால் வெட்டியவராம். பேச்சு முடிந்து எழுந்தபோது, நமது கை சட்டைப்பையைத் தடவவில்லை என்பதைக் கவனித்தோம். அம்முனையில் விளக்கு முன்போலவேதான் எரிந்துகொண்டிருந்தது.