கடல்கொண்ட நாட்டின் கணக்கு

எங்கள் வீட்டில் எந்தக் கதை தொடங்கினாலும் அதன் வாசலில் ஓர் ஆண்டு நிற்கும். 83க்கு முதல், இந்தியன் ஆமி நின்ற காலம், 95 இடப்பெயர்வுக்குப் பிறகு, 2009க்குப் பிறகு என்றுதான் நாங்கள் இருவரும் கதைப்போம். ஒஸ்லோவில் பிறந்த எங்கள் கடைக்குட்டிக்கு இவையெல்லாம் யாரோ அரசர்களின் காலங்கள் போலத்தான் கேட்டிருக்கும். சென்ற பனிக்காலத்தில் அவள் நூலகத்திலிருந்து ஜே. ஆர். ஆர். ரொல்கீனின் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக எடுத்துவந்தாள். பின்னிணைப்பில் உள்ள ஆண்டு அட்டவணையைக் கொப்பியில் பார்த்து எழுதியபடி ஒருநாள் சொன்னாள்: "இதிலயும் உங்களை மாதிரித்தான். எல்லாத்தையும் யுகம் யுகமாப் பிரிச்சு வைச்சிருக்கினம். நீங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."

வாசித்தோம்.

யுகம் என்ற சொல் எமக்குப் புதிதல்ல. கிருத யுகத்திற்கு 17,28,000 ஆண்டுகள், கலியுகத்திற்கு 4,32,000 ஆண்டுகள் என்று கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. மனிதர் என்ன செய்தாலும் தவணை வந்தால் யுகம் மாறிவிடும். ரொல்கீனின் உலகில் அப்படித் தவணை கிடையாது. ஒவ்வொரு யுகத்தையும் ஒரு யுத்தமே முடித்து வைக்கிறது. முதல் யுகம் முடியும்போது பெலெரியாண்ட் என்ற பெருநிலம் கடலுக்குள் போகிறது. இரண்டாம் யுகம் 3441 ஆண்டுகள். மூன்றாம் யுகம் 3021 ஆண்டுகள். இதில் ஒரு நுணுக்கம் எம்மை நிறுத்தி வைத்தது. மூன்றாம் யுகத்தின் பெரும்போர் 3019இலேயே வெல்லப்பட்டுவிடுகிறது. ஆனால் யுகம் முடிந்ததாக எழுதப்படுவது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். ஆறாத காயத்தோடு இருந்தவர்கள் கப்பலேறிப் போவதும் அந்த ஆண்டில்தான். யுத்தம் முடிந்த நாளும் அந்தக் காலம் முடிந்த நாளும் ஒன்றல்ல என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இதை எழுதியவரும் யுத்தத்திலிருந்து வந்தவர்தான். 1916இல் சொம் போர்முனையில் நின்றார். பதுங்குகுழிக் காய்ச்சலோடு இங்கிலாந்து திரும்பினார். அந்த ஆண்டிலேயே அவருடைய நெருங்கிய பள்ளித் தோழர்கள் இருவர் இறந்துபோனார்கள். நோயிலிருந்து தேறிவந்த அந்த மாதங்களில் அவர் எழுதத் தொடங்கியது, கொண்டொலின் என்ற மறைவான நகரம் அழிந்த கதை. தன் நூல்களை உருவகக் கதைகளாக வாசிப்பதை அவர் விரும்பியதில்லை. எனவே எமது கதையை அதற்குள் கொண்டுபோய்த் திணிக்கும் உத்தேசம் எமக்கில்லை. ஆயினும் நூமெனோர் பற்றிய பகுதியை வாசித்த இரவில் எங்கள் இருவருக்கும் நித்திரை வரவில்லை.

நூமெனோர் ஒரு தீவு. முதல் யுகத்தின் போரில் நல்லவர் பக்கம் நின்ற மனிதர்களுக்குப் பரிசாகக் கிடைத்த நாடு. நீண்ட ஆயுள், கல்வி, கப்பற்கலை எல்லாம் அவர்களுக்கு வாய்த்தன. இரண்டாம் யுகம் 3319இல் அந்நாட்டைக் கடல் கொண்டது. ஒன்பது கப்பல்களில் எலெண்டிலும் அவனது இரண்டு மகன்மாரும் அவர்களுடைய ஆட்களும் தப்பி, மறுகரையில் ஆர்னோர், கொண்டோர் என்று இரண்டு அரசுகளை அமைத்தார்கள். ஆசிரியர் அவற்றுக்கு இட்ட பெயர் புலம்பெயர் அரசுகள்.

இதுவரை எமக்குப் பழக்கமான கதைதான். கடல்கோளையும் குமரிக்கண்டத்தையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் குமரிக்கண்டத்தில் யாரும் ஒரு பிழை செய்ததாக நாங்கள் ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை. அங்கே சங்கமும் புலவர்களும் மட்டுமே இருந்தார்கள். ரொல்கீன் தனது கடல்கொண்ட நாட்டுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை. நூமெனோர் மக்கள் மறுகரைக்கு முதலில் ஆசான்களாகப் போனார்கள்; பின்னர் எசமானர்களாகித் திறை வாங்கினார்கள். கைதியாகக் கொண்டுவரப்பட்ட சவுரோன் அரசனின் ஆலோசகன் ஆனான். அவன் கட்டுவித்த கோயிலில் மனிதர்கள் பலியிடப்பட்டார்கள். பலியானவர்களில் அதிகம் பேர் அதே நாட்டவர்கள். துரோகிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள்.

அலை வந்தது அதற்குப் பிறகுதான்.

தப்பியவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. கொண்டோரின் பிற்கால அரசர்கள் உயிரோடிருப்பவர்களின் வீடுகளைவிட அழகாகக் கல்லறைகளைக் கட்டினார்கள். பெற்ற பிள்ளைகளின் பெயர்களைவிட மூதாதையரின் பெயர்ப்பட்டியல் அவர்களுக்குப் பெரிதாயிற்று. இதை வாசித்தபோது எங்கள் ஊர்ச்சங்க ஆண்டு மலர்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் நாங்களும் எழுதியிருக்கிறோம். கோயில் தேர், பள்ளிக்கூடம், பனங்கூடல், நல்ல தண்ணீர்க் கிணறு. அந்தக் கிணற்றில் யார் அள்ளக்கூடாது என்று இருந்ததை எழுதவில்லை.

மகள் கொப்பியை நீட்டிக் கேட்டாள்: "அப்ப நாங்கள் இப்ப எத்தினையாம் யுகத்தில நிக்கிறம்?" 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில் ரொல்கீன் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: ஆறாம் யுகத்தின் முடிவு, அல்லது ஏழாம் யுகம். அதைச் சொன்னோம். பிறகு, சொல்லாமல் விட்ட ஓர் ஆண்டையும் சொன்னோம்.

1990 ஒக்ரோபர் 30. அப்போது எங்களுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஒரே ஊர், இரண்டு ஒழுங்கைகள். யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து இயக்கம் வெளியேற்றியது. எங்கள் பள்ளிச் சட்டைகளைத் தைத்துத் தந்த மனிதர் பிள்ளைகளோடு றோட்டால் நடந்துபோனார். நாங்கள் படலைக்குள் நின்று பார்த்தோம். ஒரு செம்பு தண்ணீர்கூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்ரோபர் 30இல், நாங்கள் பொட்டலங்களோடு நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டோம். அந்த இரண்டாவது நாளை மட்டும் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம்.

அவள் கனநேரம் பேசவில்லை. "ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

நூமெனோர் அழிவதற்கு முன் இசில்டூர் மாறுவேடத்தில் போய், வெட்டப்படவிருந்த வெள்ளை மரத்திலிருந்து ஒரு பழத்தைத் திருடி வருகிறான். காவலாளிகளிடம் பட்ட காயங்களோடு சாகக் கிடக்கிறான். நட்ட விதை முளைத்து, இளவேனிலில் முதல் இலை விரிந்த பிறகே எழுந்திருக்கிறான். ஒன்பது கப்பல்களில் ஏறியதில் இந்த ஒரு கன்றுதான் எம் மனதில் நிற்கிறது.

அவளுடைய அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் இப்போது எங்கள் ஆண்டுகளும் இருக்கின்றன. 1983, 1987, 1995, 2009. 1987க்கும் 1995க்கும் இடையில் 1990ஐ அவளே எழுதிக்கொண்டாள்.