குற்றம் விரலிலா, குதிரையிலா?

வீணையின் நான்கு தந்திகளும் ஒரே அளவாகப் பேசாவிட்டால், முதலில் பழி விழுவது வாசிக்கிறவர் விரல்மேல்தான். நமது தமக்கையின் பெண்ணுக்கு மந்தரத் தந்தியில் கைப்பலம் போதவில்லையென்று ஆறு மாத காலம் உபதேசம் நடந்தது. குழந்தை அதை நம்பி, வீணையைத் தொடுவதையே குறைத்துக்கொண்டாள். வாத்தியக் கடைக்காரர் ஒருவரோ, பழையதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதே உசிதம் என்றார். பலா மரத்தை ஒரே துண்டாகக் குடைந்து செய்த ஏகாந்த வீணை! நமக்கு மனம் வரவில்லை.

2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷமே. ஆனால் வீணைக்கு வைத்தியம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் நமக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

வந்த பெரியவர் மெட்டைத் தொடாமல் வெறுந்தந்திகளை ஒவ்வொன்றாய்த் தாமே மீட்டினார். அப்போதும் மந்தரம் மங்கலாகவே ஒலித்தது. "நான் மீட்டியே இப்படியென்றால் குழந்தையை ஏன் ஐயா குறை சொல்கிறீர்கள்?" என்றார்.

சாரணியும் பஞ்சமமும் வெறும் எஃகுக் கம்பிகள். மந்தரமும் அனுமந்தரமும் மேலே மெல்லிய கம்பி சுற்றியவை. அந்தச் சுற்றின் இடுக்குகளில் வியர்வையும் எண்ணெயும் தூசியும் அடைந்தால் தந்தியின் துடிப்பு விரைவில் அடங்கிவிடும். புதுத் தந்தி கட்டியதும் மந்தரத்துக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி குதிரையில் இருந்தது. மரக் குதிரையின்மேல் பதித்த உலோகத் தகட்டை நகத்தால் தட்டிக்கொண்டே வந்தார், ஓரிடத்தில் 'பொத்'தென்றது. அங்கே தகடு பிடிப்பு விட்டிருந்தபடியால் அதிர்வு பலகைக்கு இறங்காமல் வீணாயிற்று. தகட்டை எடுத்து மறுபடி பதித்தார்.

பஞ்சமத்தின் கரகரப்பு வேறு ஜாதி. எல்லா மெட்டிலும் இரைந்தால் குதிரையைப் பார்க்க வேண்டும்; ஒரே மெட்டில் இரைந்தால், அது தாழ்ந்திருக்கிறது, அல்லது குதிரைப் பக்கத்திலுள்ள அடுத்த மெட்டு உயர்ந்திருக்கிறது. பேஸ் கிதாரில் தந்தியின் உயரத்தையும், அதன் கீழுள்ள காந்தத்தின் உயரத்தையும் திருகாணியால் திருத்திக்கொள்ளலாம். வீணையின் 24 மெட்டுகளுக்கும் ஆதாரம் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கலவைதான்! கோடை வெயில் ஜன்னல் வழியே விழுந்தால் அது இளகி மெட்டு அமுங்கிவிடும். பிறகு சுருதி பார்த்து மறுபடி மேளம் கட்டுவதைத் தவிர வழியில்லை. அதற்குக் காதும் பொறுமையும் வேண்டும். அவசரக்காரர்கள் கிட்டே வரலாகாது.

குடத்தில் ஒட்டும் மைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலிபெருக்கியின் திருகை முறுக்கினால் எல்லாத் தந்திகளும் சேர்ந்தே உயரும். மந்தரம் சாரணியை எட்டிப் பிடிக்காது. மைக்கையே குதிரைக்கு அருகில் விரற்கடை விரற்கடையாக நகர்த்தி, நான்கும் சமமாய்க் கேட்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். நம் வீணைக்கு அந்த இடம், மந்தரப் பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளி அகப்பட்டது.