மலைக்குப் போய் வந்த காய்ச்சல்

வடக்கனந்தலில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் கல்வராயன் மலை தெரியும். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் பஸ் ஏறினால் இரண்டு பக்கமும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும்தான். கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை மலை ஏறத் தொடங்கும். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வட்டாரத்தை 2024 ஜூன் மாதத்துக் கள்ளச்சாராயச் சாவுகளால் தெரியும். கொஞ்சம் ஊர் சுற்றுகிறவர்களுக்குப் பெரியார் அருவியாலும் மேகம் அருவியாலும் தெரியும். எனக்கு அத்தை வீட்டால் தெரியும்.

போன கார்த்திகையில் நான் போனது வேட்டையைப் பற்றிக் கேட்பதற்கு. பொங்கல் சமயத்தில் ஊரே நாய்களைக் கூட்டிக்கொண்டு முயலுக்கும் காட்டுப்பன்றிக்கும் கிளம்புகிற பாரி வேட்டை ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் உண்டு. 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். வனத்துறைக்குப் பயந்தும், காட்டில் முயலே குறைந்துபோனதாலும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அதை நேரில் பார்த்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கரியாலூர் வழியாக மேலே போனேன்.

கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து முப்பது வருஷம் நெருங்கும்போதுதான் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தாமதமாக வந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டாம். இங்கே பெரும்பான்மை மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்து குடியேறியதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெஜட்டியரில் டபிள்யூ. ஃபிரான்சிஸ் இவர்களைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார். முன்பு இந்த மலையில் வேடர்கள் இருந்தார்களாம். வந்தவர்கள் ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டார்களாம். செத்துப்போன வேடக் கணவனின் நினைவாகக் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டுச் சுடுவார்களாம்.

நான் பார்க்கப் போன பெரியவரிடம் இதைச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வெள்ளக்காரன் எழுதினதா? துப்பாக்கி இருந்துச்சு, கல்யாணத்துல சுட்டாங்க, அவ்வளவுதான் தம்பி. கையில துப்பாக்கி இருந்தா எவன் சுடாம இருப்பான்?" என்றார். கெஜட்டியரை விட இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

அவர் என்னைப் பழைய வேட்டைத் தடத்துக்கு அழைத்துப் போனார். அடர்ந்த காடு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் சாமை விதைத்து இப்போது தரிசாகக் கிடக்கிற கொல்லை, அதன் ஓரத்தில் உண்ணிச்செடிப் புதர், அதற்கப்பால் கடுக்காய் மரங்கள். மழை பெய்து ஓய்ந்து புல் முழங்காலுக்கு மேல் நின்றது. வலை எங்கே கட்டுவார்கள், நாயை எந்தப் பக்கமிருந்து விடுவார்கள், விழுந்த பன்றியில் தலை யாருக்கு, நாய்க்காரனுக்கு எத்தனை பங்கு என்று அவர் சொல்லச் சொல்ல, புல்லிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். பக்கத்தில் யாரோ கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சாயந்திரம் மாமாவோடு இறங்கிவந்தேன். உடம்பில் எதுவும் கடித்த நினைவில்லை.

ஒன்றரை வாரம் போயிருக்கும். வடக்கனந்தலில் அத்தை வீட்டில்தான் இருந்தேன். திடீரென்று குளிர் நடுக்கம், நெற்றிப்பொட்டைப் பிளக்கிற தலைவலி, கண்ணைத் திருப்பினால் வலி. டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, தட்டணுக்கள் மட்டும் குறைவு. டைஃபாய்டுக்கான வைடால் பரிசோதனையில் ஏதோ கொஞ்சம் காட்டியது. "வெளியில எங்கயாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். சாப்பிட்டேன் என்றேன். டைஃபாய்டு என்று முடிவாகி ஊசியும் குளுக்கோஸும் ஏறின. காய்ச்சல் இறங்கவில்லை. போகப் போக மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அத்தைதான் கண்டுபிடித்தார். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடும்போது இடுப்பில் வேட்டி கட்டுகிற இடத்தில் கை நின்றது. "ஏன்டா, இது என்ன பீடி நெருப்பு பட்டாப்பல கருகிக் கெடக்கு?" கறுத்துக் காய்ந்த பொருக்கு ஒன்று, சுற்றிலும் சிவப்பு. வலியில்லை, அரிப்பில்லை. அதனால்தான் எனக்கே தெரியவில்லை.

அன்றிரவே அரசு மருத்துவமனைக்குப் போனோம். பணியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். "எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டு, "எங்கயும் போவல டாக்டர். ஊர்லயேதான் இருந்தாப்ல. மலைக்கு மட்டும் ஒரு நடை போய்ட்டு வந்தாப்ல" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கச் சொன்னார்.

பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளினைத் தொடங்கினார். மறுநாளே வியர்த்தது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. இரத்தப் பரிசோதனை பிறகு வந்து உறுதிசெய்தது: ஸ்க்ரப் டைஃபஸ். நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான்.

ஆனால் மாட்டிலும் நாயிலும் ஒட்டிக்கொள்கிற உண்ணி இதைப் பரப்புவதில்லை. பரப்புவது ஒரு வகைச் சிற்றுண்ணியின் லார்வா. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். புல்நுனியில் காத்திருந்து எலிமேல் ஏறும். எலி வராமல் நாம் வந்தால் நம்மேல் ஏறும். ஏறியதும் கடிக்காது. துணி இறுக்குகிற இடம், வியர்க்கிற மடிப்பு என்று தேடிப்போய் அங்கே வாய் வைக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அது இப்படி உண்கிறது; வளர்ந்த பிறகு மண்ணுக்குள் சிறு பூச்சிமுட்டைகளைத் தின்று பிழைத்துக்கொள்ளும். அதன் உடம்பில் இருக்கிற ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா தாயிடமிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து குஞ்சுக்கு என்று வழிவழியாக வருகிறது. ஆகவே எலியை ஒழித்துவிட்டால் நோய் ஒழிந்துவிடும் என்றும் சொல்லமுடியாது. அடர்காட்டைவிட, வெட்டிவிட்டுப் போட்ட தரிசும் வரப்போரப் புதரும் தோப்போரமும்தான் இதற்குத் தோதான இடம். பெரியவரின் வேட்டைத் தடம் அப்படியே அதுதான்.

உண்மையான உண்ணியால் வருகிற காய்ச்சல்களும் உண்டு. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் 1957-இல் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தபோது கண்டுபிடிக்கப்பட்ட குரங்குக் காய்ச்சல் அதில் ஒன்று. அது வைரஸ், டாக்ஸிசைக்ளின் அதற்கு ஒன்றும் செய்யாது. 2012 கடைசியில் பந்திப்பூரில் தலைகாட்டி, நீலகிரி எல்லைவரை வந்தது. தென்னாப்பிரிக்காவுக்கும் ஜிம்பாப்வேக்கும் மான் வேட்டைக்குப் போகிற ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் பிடித்துக்கொண்டு வருவது இன்னொன்று. 1992-இல்தான் அதைத் தனி நோயாகப் பிரித்தறிந்தார்கள். அங்கத்து உண்ணி ஆளைத் தேடி ஓடிவந்து கடிக்கும். அதனால் ஒரே ஆளின் காலில் மூன்று நான்கு கரும்பொருக்குகள்கூட இருக்கும். அந்த நோயால் யாரும் பெரும்பாலும் சாவதில்லை. காரணம் நோயின் மென்மை மட்டுமா? ஊர் திரும்பிய வேட்டைக்காரர் காய்ச்சலோடு போய் உட்கார்ந்தால் அங்கத்து மருத்துவர் கேட்கிற முதல் கேள்வியே சமீபத்தில் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதுதான். விமானம் ஏறிப் போனவனிடம் அதைக் கேட்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. வடக்கனந்தலிலிருந்து விறகுக்கோ கடுக்காய்க்கோ மலை ஏறி இறங்குகிறவனிடம் யாரும் கேட்பதில்லை. அவனும் அதைப் பயணம் என்று எண்ணுவதில்லை. என் மாமா மாதிரி, எங்கயும் போவல என்றுதான் சொல்வான்.

ஸ்க்ரப் டைஃபஸின் வரலாற்றில் தமிழ்க் கூலிகளுக்கும் பங்கு உண்டு என்பதைப் படுக்கையில் கிடந்தபோதுதான் படித்தேன். 1920-களில் மலாயாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் ஒரு காய்ச்சல் பரவியது. காட்டை வெட்டி, புல் மண்டிய நிலத்தில் பனை நட்டிருந்தார்கள். வேலை செய்தவர்களில் கணிசமானவர்கள் நம்மூரிலிருந்து கப்பல் ஏறியவர்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளெச்சர், லெஸ்லர் என்ற இருவர் அதை ஆராய்ந்து, நகரத்து டைஃபஸ் வேறு, தோட்டத்து டைஃபஸ் வேறு என்று பிரித்தார்கள். வசதி குறைந்த நம் ஆய்வகங்களில் இன்றும் செய்கிற வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனையில் ஓஎக்ஸ்-கே என்று ஒரு வரி வரும். அந்த 'கே', கிங்ஸ்பரி என்பவரின் முதலெழுத்து. அவர் மலாயாவுக்குக் கொண்டுவந்த பாக்டீரியா வகைதான் தோட்டத்து நோயாளிகளின் இரத்தத்தோடு ஒத்துப்போனது.

அதே கோலாலம்பூரில் 1948-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. அமெரிக்க ராணுவ மருத்துவ ஆராய்ச்சியாளர் ஜோசப் ஸ்மேடல், குளோரம்ஃபெனிகால் என்ற புது மருந்தை ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வந்தார். மருந்து கேட்டது. நடுவில் சிலருக்கு வந்திருந்தது டைஃபஸே இல்லை, டைஃபாய்டு என்று பிறகு தெரிந்தது. அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள். டைஃபாய்டுக்கு முதல் மருந்து கிடைத்தது இப்படி ஆள் மாறிப்போனதால்தான். எனக்கு நடந்தது அதன் தலைகீழ். இந்தக் காலத்தில் டைஃபாய்டுக்குப் போடுகிற ஊசிகள் ஸ்க்ரப் டைஃபஸை அசைப்பதில்லை. அந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே இவை வேலை செய்யாது.

தமிழ்நாட்டில் இது அபூர்வ நோய் என்று நினைத்தால் தவறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பல வருஷமாக இதன் பின்னாலேயே நிற்கிறது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் இரத்தநாளம் வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, தனித்தனியே கொடுப்பதைவிட நல்லது என்று அவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்து உலகெங்கும் கவனிக்கப்பட்டது. வட தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டவர்களை 2020 முதல் 2022 வரை பின்தொடர்ந்து பார்த்ததில், வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரைகூட இந்தக் கிருமி தொற்றுவது தெரிந்தது. பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குக் காய்ச்சல். அதிலும் சிலருக்கு நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. மழை ஓய்ந்து பனி தொடங்குகிற மாதங்களில்தான் அதிகம்.

மாமா பிறகு ஒரு வேலையாக மேலே போனபோது பெரியவரிடம் என் காய்ச்சலைச் சொல்லியிருக்கிறார். "அது மார்கழி, தையில எங்களுக்கு வர்றதுதான். வரும், போவும். போவலைன்னா கீழ தூக்கிட்டு வருவோம்" என்றாராம். கீழே தூக்கிவருகிறபோது எத்தனையாவது நாள் என்பதுதான் என் கவலை. முதல் வாரத்தில் சில ரூபாய் மாத்திரையில் போகிற நோய், இரண்டாம் வாரத்தில் செயற்கைச் சுவாசக் கருவி கேட்கும். கரியாலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வளைந்து இறங்குகிற சாலையில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிவிடும். சுகாதாரத் துறைக்குச் செலவே இல்லாத ஒரு யோசனை: மலையடிவாரத்துப் புறநோயாளிச் சீட்டில், கடந்த மூன்று வாரத்தில் மலை, கொல்லை, புதர் என்று ஒரு கட்டம் போட்டு, செவிலியர் அதை நிரப்பட்டும்.

அதுவரை நீங்களே சொல்லுங்கள். அருவிக்கோ தோட்டத்துக்கோ விறகுக்கோ போய்வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் போன இடத்தைச் சொல்லுங்கள். துணியை விலக்கிப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, முதுகு, காதுக்குப் பின்னால். பெண்களுக்குப் பாவாடை நாடா கட்டுகிற இடத்திலும் மார்புக்குக் கீழும் இருக்கும். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடம் காட்டலாம். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். நம் கறுப்புத் தோலில் அது எளிதில் தெரியவும் செய்யாது. இல்லையென்றாலும், ஸ்க்ரப் டைஃபஸாக இருக்குமா என்று கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசில்லாமல் கொடுக்கிற மாத்திரைதான் அது.