நடப்பவர்க்கும் ஒரு வழி

வீதி என்பது வண்டிகள் விரைவதற்கு மட்டும் அமைந்ததன்று. மனிதர் ஒருவரையொருவர் கண்டு, நின்று, நலம் விசாரிப்பதற்கும் உரிய பொது முற்றம் அது. நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தேர்வீதிகளையும் நோக்குங்கள். ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழித் திருவாதிரையின்போதும் தேரோடும் நாளில் வண்டிகள் ஒதுங்குகின்றன. வீதி மக்களுக்கு உரியதாகிறது. மற்ற நாள்களிலோ ஒதுங்க வேண்டியவர் நடப்பவரே!

குமராட்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து சிதம்பரம் செல்லும் மக்களோடு நாமும் பேருந்தில் செல்வதுண்டு. இறங்கியபின் அவர்கள் படும் பாட்டைக் கண்டிருக்கிறோம். மருத்துவரைக் காண வந்த மூதாட்டி, நடைபாதையை அடைத்து நிற்கும் இருசக்கர வண்டிகளையும் கடைப் பலகைகளையும் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்குகிறார். பின்னால் ஆரன் அலறுகிறது. பேரப்பிள்ளையின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறார். ஒரு சோப்புக்கட்டி வாங்கினாலும் வரி செலுத்துபவர் அன்றோ அவர்? அந்தச் சாலையில் அவருக்குப் பங்கில்லையா?

இது தீராத நோயன்று. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1962-ஆம் ஆண்டு முக்கியக் கடைவீதி ஒன்றில் வண்டிகளைத் தடுத்தனர். வாணிகம் பாழாகும் என வணிகர் அஞ்சினர். ஆனால் நடந்து வந்தோர் நின்று, பார்த்து, வாங்கவே, வாணிகம் பெருகிற்று. நம் அண்டையிலுள்ள புதுச்சேரியிலும் கடற்கரைச் சாலை நாள்தோறும் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளுக்கு அடைக்கப்படுகிறது.

சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் முதலிடம் தரும் கொள்கையை 2014-இல் ஏற்றது. பின்னர் தியாகராயநகர் பாண்டி பஜாரில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் அகன்ற நடைபாதை அமைத்து, 2019 நவம்பரில் திறந்தனர். ஒரு மாலைப் பொழுதில் நாம் அங்கே நடந்தோம். முதியோர் இருக்கைகளில் அமர்ந்து உரையாடினர். குழந்தைகள் அச்சமின்றி ஓடினர். தெரு ஊருக்கே திண்ணையானது போல் இருந்தது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. அத்தெருவோரத்தில் பல்லாண்டுகள் கடை பரப்பியிருந்த சிறு வணிகர், 2013-இல் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டனர். போவோர் வருவோர் கண்ணில் படுவதே அவர்களுடைய முதல். பூவும் சீப்பும் வாங்க மாடியேறுவோர் எத்தனை பேர்? தெரு அழகு பெறும்போது ஏழையின் பிழைப்பு அழியலாகாது. இதற்காகவே 2014-இல் நாடாளுமன்றம் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நகரக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவ்வணிகரின் சார்பாளர்கள் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம்.

நம் சிற்றூர்க் கடைத்தெருக்களுக்கு இவையெல்லாம் பொருந்துமா எனச் சிலர் கேட்கலாம். பொருந்தும், அதற்குக் கோடிகளும் வேண்டா. நடைபாதையில் தடையின்றிச் செல்லக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறடி, அகலம் வேண்டுமென்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-இல் வகுத்த நெறிமுறை கூறுகிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் அதில் கடந்து செல்லலாம். அதனருகே வேம்பும் புங்கமும் நட்டு, அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசாமல் மண்ணை விட்டுவைத்தால், மழைநீர் வேருக்கு இறங்கும். நிழலின் அருமையை, ஆகஸ்டு இறுதியில் கடலூர், சிதம்பரம் வழியே வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளைக் கேளுங்கள். தார்ச்சாலையில் கொப்புளித்த அவர்களுடைய பாதங்களே விடை கூறும்.

ஆகவே அன்பர்களே, கிராம சபையிலும் நகர்மன்றத்திலும் நடைபாதைக்காகவும் நிழல் மரத்துக்காகவும் வாய் திறந்து கேளுங்கள். பூக்காரிக்கும் அங்கே இடம் கேளுங்கள். வரும் ஞாயிறன்று திருப்பலிக்கு வருகையில் உங்கள் வண்டியை நடப்பவர் வழியில் நிறுத்தாதிருங்கள். அயலாரை நேசிப்பது, அவர் நடக்க வழிவிடுவதிலும் அடங்கியுள்ளது.